கலாம் வேஷம் கட்டாத பையன்கள்

ஆகஸ்ட் 15 வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மாறுவேடப் போட்டிக்குக் குறைந்தது மூன்று கலாம்களாவது வந்துவிடுவார்கள். வெள்ளை விக், நீலச் சட்டை, கையில் சார்ட் அட்டையைச் சுருட்டிச் செய்த ராக்கெட். பாம்பன் பாலத்தைத் தாண்டினால் அவர் பிறந்த ஊர். வேறு யார் வேஷம் கட்டச் சொல்வது? அது முடிந்தால் அடுத்தது மத நல்லிணக்க நாடகம். நெற்றி நிறைய திருநீறோடு ஒருவன், தொப்பியோடு ஒருவன், கழுத்தில் சிலுவையோடு ஒருவன். மூன்று பேரும் கை கோத்து நிற்பார்கள், பாட்டு ஓடும், ஊர்ப் பெரியவர் ஒருவர் ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு அறிவிப்பார்.

தொப்பி போடுகிறவன் வருஷா வருஷம் ஒரே பையன்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அந்த வேஷம் அவனுக்கு என்று எழுதி வைத்த மாதிரி. நாலாம் வகுப்பில் ஒத்திகையின்போது என்னிடம் வந்து, "டீச்சர், இந்த வருஷம் நான் நேருவா வரட்டா?" என்று கேட்டான். வந்தான். ரோஜா கிடைக்காமல் செம்பருத்தியைக் குத்திக்கொண்டு வந்தான். தொப்பி வேஷத்தை அந்த வருஷம் வேறொரு பையனுக்குக் கொடுத்தோம். அவன் பெயர் அந்தோணி என்று தொடங்கும். ஊரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான்.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொன்னால்தான் மற்றது புரியும். விசைப்படகில் கூலிக்குப் போகிறவரின் மகனும் நாட்டுப்படகு வைத்திருப்பவரின் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கடலில் இவர் வலையை அவர் படகு அறுத்தது என்று இரண்டு அப்பாக்களும் பேசிக்கொள்வதில்லை. வாப்பா வளைகுடாவிலும் உம்மா இங்கேயும் இருக்கிற மரைக்காயர் வீட்டுப் பையன் இருக்கிறான். பனைத்தொழில் குடும்பத்துப் பையன், மிளகாய் போடுகிற உள்பக்கத்து ஊரிலிருந்து வருகிறவன், பட்டியலினத் தெருவிலிருந்து வருகிறவன், மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறவன் எல்லோரும் ஒரே அறையில்தான். பன்முகம் என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்வார்களே, அதைத் தேடி நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. காலை மணி அடித்தால் அதுவே வாசலில் வந்து நிற்கும்.

ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்துவிட்டால் ஒன்றாகிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆவதில்லை. ஏழெட்டு வயதுப் பையன், இந்த அறையில் தனக்கு ஒரு இடம் இருக்கிறதா என்பதை மேடைப் பேச்சிலிருந்து தெரிந்துகொள்வதில்லை. தன்னிடம் என்ன வேலை கொடுக்கிறார்கள், தன் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள், தான் வராவிட்டால் யாராவது கேட்கிறார்களா என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறான். பள்ளி அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் பத்துப் பன்னிரண்டு வயதில் வேறொருவர் கொடுப்பார். சில சமயம் அது கையில் கட்டுகிற வண்ணக் கயிறாக இருக்கும்.

கயிறு விஷயம் புதிதில்லை. சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இலேயே கல்வித் துறைச் சுற்றறிக்கை வந்தது. பிறகு 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கயிறு கட்டும் வயது வரும்போது பாதி வேலை முடிந்துவிட்டிருக்கும். எங்கள் மாவட்டத்தில் செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடிக்கும், அக்டோபர் 30 தேவர் குருபூஜைக்குப் பசும்பொன்னுக்கும் வண்டிகள் போகும். அந்த வண்டிகளின் பின்பக்கம் தொங்கிக்கொண்டு போகும் பையன்களைப் பாருங்கள். தலைவர்களின் வரலாறு அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரே மாதிரி பனியன், ஒரே மாதிரி கூச்சல், "வாடா மாப்ள" என்று கை கொடுத்துத் தூக்கிவிடும் ஒரு அண்ணன். வகுப்பறையில் அவனை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

அகர வரிசை யோசனையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கடற்கரையில் அதைச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்தோணி, அருள், ஆரோக்கியம் என்று கடலோரத் தெரு மொத்தமும் முதல் வரிசைக்கு வந்துவிடும். முகமது என்று தொடங்கும் நாலைந்து பெயர்கள் வரிசையாக ஒரே பெஞ்சில் போய் உட்காரும். பெயரிலேயே தெரு இருக்கிற ஊரில் பெயர் வரிசை என்பது தெரு வரிசைதான். அதனால் நான் சீட்டுக் குலுக்குகிறேன். மாதம் பிறந்தால் டப்பாவில் எண்களைப் போட்டுப் பிள்ளைகளே எடுப்பார்கள். யாருக்கு யார் பக்கத்தில் என்பதற்கு டீச்சரும் காரணமில்லை, சாமியும் காரணமில்லை. குழுவின் நோக்கம் சரி. அதை ஊருக்குத் தகுந்தபடி தைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உட்காரும் இடம் என்றதும் கலாமின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் கோயில் குருக்கள் மகன் ராமநாத சாஸ்திரிக்குப் பக்கத்தில் முன் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததும், புதிதாக வந்த ஆசிரியர் முஸ்லிம் பையன் என்று அவரைப் பின்னால் போகச் சொன்னதும், நண்பனின் அப்பா லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. மேடையில் இதைச் சொல்கிறவர்கள் பெரியவரின் பெருந்தன்மையில் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. தான் பின்னால் போனபோது முன் பெஞ்சில் இருந்த நண்பன் அழுதான் என்று கலாமே சொல்லியிருக்கிறார். சாஸ்திரியின் காதுக்கு விஷயம் போனதே பையன்கள் இரண்டு பேரும் வீட்டில் போய்ச் சொன்னதால்தான். இன்றைக்கு எத்தனை பையன்கள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள்? சொன்னால், "நீ என்னடா பண்ணுன?" என்பதுதான் முதல் கேள்வி.

பெண் பிள்ளை முகம் வாடி நின்றால், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறோம். பையன் முகம் வாடி நிற்கவே மாட்டான். பக்கத்தில் இருப்பவனின் பென்சிலை உடைப்பான், தண்ணீர் டிரம்மில் மண்ணைப் போடுவான், இல்லை மதியத்துக்கு மேல் காணாமல் போவான். நாம் பார்ப்பது சேட்டையை. பள்ளியில் சேர்க்க வரும்போதே, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க டீச்சர்" என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மகளைச் சேர்க்கும்போது யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் ஒவ்வொரு வருஷமும் பையன்கள் பெண்களுக்குப் பின்னால்தான். பெண்களுக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது, பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. இரண்டிலும் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய். எட்டாம் வகுப்போடு படகு ஏறிவிட்டவனுக்கு அந்த ஆயிரம் கண்ணில் படப் போவதில்லை.

சரி, என்னதான் செய்வது? எங்கள் பள்ளியில் செய்கிற சின்னச் சின்ன விஷயங்களைத்தான் சொல்ல முடியும்.

மீன் வாடையிலிருந்து தொடங்குகிறேன். விடிகாலையில் கரைக்குப் போய் வலையில் மீன் கழிக்க உதவிவிட்டு, அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு வருகிற பையன்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பொத்துவான். அப்புறம் அதையே ஒரு விளையாட்டாக ஆக்குவார்கள். மூக்கைப் பொத்தாதே என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. சொன்னால் இன்னும் நாலு பேர் பொத்துவார்கள். மீன் தெருப் பையன்களை மட்டும் கழுவிவிட்டு வா என்று அனுப்பினால், அதைவிடக் கேவலம் வேறில்லை. குழாயடியில் சோப்பு வைத்தோம். யாராக இருந்தாலும் கை கால் முகம் கழுவித்தான் உள்ளே வர வேண்டும். தலைமையாசிரியர் முதல் ஆள். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கால் கழுவுவதைப் பார்க்கவே பையன்கள் சீக்கிரம் வந்தார்கள்.

அங்கிருந்து நேரே சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பசி தீர்ந்தது பெரிய விஷயம், அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தது வேறொன்று. முதல் சில வாரங்கள் உப்புமாத் தட்டோடு பிள்ளைகள் தெருவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே அப்படி அமைந்தது. இப்போது தட்டுக்கு எண் உண்டு, எண்ணுக்கு இடம் உண்டு. பரிமாற உதவுவதும் தட்டு அடுக்குவதும் எல்லோருக்கும் முறை வைத்து வரும். யார் தொட்ட தட்டு என்ற பேச்சு ஒரே ஒரு முறை ஒரு பாட்டியிடமிருந்து வந்தது. அவர் பேரனுக்கு அன்றைக்குப் பொங்கல் இரண்டாம் தடவையும் வேண்டியிருந்ததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் இன்னொரு சிக்கல். ஜும்மா தொழுகைக்குப் போகும் பையன்கள் திரும்பி வரும்போது பிற்பகல் முதல் வகுப்பு பாதி ஓடியிருக்கும். வாரக் கடைசி என்று அந்த நேரத்தில்தான் நாங்கள் கதை சொல்வது, விளையாட விடுவது எல்லாம் வைத்திருந்தோம். அவர்கள் ஓடி வந்து பார்த்தால் கதையில் நரி செத்துப் போயிருக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனாலும் வருஷம் முழுக்க அந்த நாலைந்து பையன்களுக்கு மட்டும் கதைக்கு முதல் பாதி கிடையாது. இப்போது வெள்ளி மதியம் முதலில் கையெழுத்துப் பயிற்சி, கடைசியில் கதை. அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடம் வேர்க்காட்டு சந்தியாகப்பர் திருவிழா, கார்த்திகையில் மாலை போட்டுப் போகும் சபரிமலைப் பயணம் எல்லாவற்றையும் காலண்டரில் முதலிலேயே குறித்துவிட்டு அதற்கேற்றபடி தேர்வு வைத்தால் பாதித் தலைவலி குறையும்.

பட்டியலினப் பிள்ளைகளின் உதவித்தொகைப் படிவம் வந்தால், "எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று கூப்பிடுகிற வழக்கம் எத்தனையோ பள்ளிகளில் இருந்தது. கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் எல்லா விவரமும் இருக்கும்போது எதற்காக ஒரு குழந்தையை எழுப்பி நிறுத்த வேண்டும்? வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு கவர் போதாதா? இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. "உங்க தெரு எதுடா?" என்று புதுப் பையனிடம் சிரித்துக்கொண்டே கேட்பதும் அதே ரகம்தான். கேட்கிறவருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும்.

தொடக்க வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். அவரவர் நிலைக்குத் தகுந்த பாடம் என்பது நல்ல யோசனை. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் நாலாம் வகுப்பில் அரும்பில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது நன்றாகவே தெரியும். மீன்பிடிக்க வேறு கரைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு மாதக்கணக்கில் கழித்து வருகிறவன், வந்ததும் அரும்பில்தான் உட்காருவான். அவனோடு சேர்ந்து படித்தவர்கள் மலருக்குப் போயிருப்பார்கள். அவனுக்கு வேறு ஏதாவது ஒன்றில் நாம் கட்டாயம் முதல் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

அங்கேதான் வேலை வருகிறது. பள்ளியில் ஆகப் பெரிய பதவி மணி அடிப்பது. அதற்கடுத்து சாவி. அப்புறம் சாக்பீஸ் டப்பா, தண்ணீர் டிரம், புத்தகப் பெட்டி. கூட்டுகிற வேலை எல்லோருக்கும் உண்டு, ஆசிரியர்களையும் சேர்த்து. இதில் நான் கறாராக இருப்பேன். எந்தப் பையனின் கையில் துடைப்பம் அடிக்கடி போகிறது என்று பார்த்தால் அந்தப் பள்ளியின் ஜாதகமே தெரிந்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். அந்த இருவரும் சீட்டில் வந்தவர்கள். சீட்டில் வந்தபின் மாற்றம் கிடையாது.

எங்களிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. அன்றைக்கு யார் வரவில்லை என்று பார்த்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவன் வீட்டு வாசலில் நின்று, "நாளைக்கு வர்றியாடா?" என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். விசாரணை இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம். வலை பிரிக்கிற கொட்டகைக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள், பனங்காட்டு ஓரத்தில் போய்க் கேட்டிருக்கிறார்கள். தன் தெருவைத் தாண்டி அடுத்த தெருவில் கால் வைக்காத பையன் இந்த வேலைக்காக அங்கே போய் நின்றான். அந்த வீட்டம்மா அவனை உட்கார வைத்து நுங்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் வேலைக்கு ஏகப்பட்ட போட்டி. நுங்கு சீசன் வேறு.

வேலை கொடுப்பதில் ஒரு பள்ளம் உண்டு. உள்ளூர் அறிவைப் பயன்படுத்துங்கள் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். உடனே நாம் மீனவர் மகனை எழுப்பி, "நீ மீன் பேரெல்லாம் சொல்லு" என்கிறோம். பனையேறி மகனைப் பதநீர் பற்றிப் பேசச் சொல்கிறோம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அப்பன் தொழிலுக்குப் பிள்ளையை முளையடித்துக் கட்டுகிற வேலை அது. 1953இல் ராஜாஜி கொண்டு வந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்து விரட்டிய மாநிலம் இது. வகுப்பறைக்குள் அன்பாகவே அதைத் திரும்பக் கொண்டு வரலாமா? நான் காற்றைக் கேட்கிறேன், எல்லோரிடமும். இன்றைக்கு என்ன காற்று, வீட்டில் கேட்டு வாருங்கள். கடற்கரைத் தெருவிலிருந்து கச்சான் என்று வரும், சோளகம் என்று வரும். மிளகாய் காயப்போட்ட வீட்டிலிருந்து, "காத்து எதுன்னு தெரியாது, ஆனா வத்தல் பறக்குது" என்று வரும். மாடியில் துணி காயப்போட்ட உம்மாவும் ஒரு காற்று சொல்லியனுப்புவார். பலகையில் நாலைந்து பதில் இருக்கும். சண்டை வரும். வெளியே போய்க் கொடிக்கம்பத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு. ஒருமுறை படகுக்காரர் மகன் தவறாகச் சொல்லி, உள்பக்கத்து ஊர்க்காரன் சரியாகச் சொல்லிவிட்டான். எனக்குப் பரம திருப்தி.

இப்போது சுலபமாகத் தீராத ஒன்றைச் சொல்கிறேன்.

மண்டபம் முகாம் பழையது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்திச் சோதிக்க வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய இடம். 1980களில் அகதிகள் வந்து இறங்கும் இடமாயிற்று. 2021இல் அரசு அதன் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2022இல் இலங்கையில் பொருளாதாரம் படுத்தபோது மறுபடியும் படகுகள் வந்தன. அரிச்சல்முனைப் பக்கத்து மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். அப்படிக் கைக்குழந்தையும் மூத்த பையனுமாக வந்த குடும்பத்தின் மூத்த பையன் என் வகுப்பில் இருந்தான். வருகைப் பதிவு கூப்பிட்டால், "ஓம் டீச்சர்" என்பான். அவர்கள் பேச்சில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். வகுப்பு சிரிக்கும். இரண்டு வாரத்தில் அவன் "உள்ளேன்" என்று மாற்றிக்கொண்டான். அப்புறம் பேச்சையே குறைத்துக்கொண்டான்.

அதே வகுப்பில் விசைப்படகு ஓட்டுகிறவரின் மகன். ஒரு நாள் இரவு அப்பாவை எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. இது எங்கள் கரையில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. பேப்பரில் பெயர், வயது, படகு எண்ணோடு வரும். கூட வந்த கூலி ஆட்கள் சில வாரங்களில் திரும்பிவிடுவார்கள். படகு ஓட்டியவருக்குத்தான் இப்போதெல்லாம் மாதக்கணக்கில் சிறை. பையன் மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்தான். யாரோடும் பேசவில்லை. மதியம் தட்டுக் கழுவுகிற இடத்தில் முகாம் பையனைப் பிடித்து, "உங்க நேவிதாண்டா எங்கப்பாவப் பிடிச்சுட்டுப் போச்சு. நீ போயி வாங்கிட்டு வா" என்று தள்ளினான். மற்றவன் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துக் கடித்துவிட்டான்.

கடித்தவன்தான் குற்றவாளி, தடம் கையில் இருக்கிறதே. சொன்ன சொல்லுக்கு எங்கே தடம்? மறுநாள் காலை கடிபட்டவனின் அம்மா வந்துவிட்டார். தூங்காத கண். "டீச்சர், கடிச்ச பயல டிசி குடுத்து அனுப்புங்க. அவுக ஊர்க்காரன் எம் புருசனப் பிடிச்சு வச்சிருக்கான், இங்க இவன் எம் பிள்ளையக் கடிக்கிறான்" என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். கடித்த பையனைக் கூட்டிக்கொண்டு அவன் அம்மம்மாவும் வந்திருந்தார், வராந்தாவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "எந்த ஜெயில்ல வச்சிருக்கிறாங்கள், பிள்ளை?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம்னு சொல்றாக."

"சாப்பாடு குடுப்பாங்கள். அடிக்க மாட்டாங்கள். பயப்பிடாதீங்கோ."

அந்த அம்மா பதிலே சொல்லவில்லை. ஆனால் டிசி பேச்சையும் எடுக்கவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகனிடம், "மத்தியானம் ஒழுங்காச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பில் நான் எல்லை பற்றிப் பாடம் நடத்தவில்லை. கச்சத்தீவு பற்றிப் பெரியவர்களாலேயே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, ஒன்பது வயதுப் பையன்களிடம் எதைப் பேசுவது? பெஞ்சை மாற்றலாமா என்று உடன் வேலை பார்க்கும் டீச்சர் கேட்டார். மாற்றவில்லை. முகாம் பையனிடம் தனியாக, கடித்தது தப்பு, அவன் சொன்னதும் தப்பு என்று சொன்னேன். மற்றவனிடமும் அதே இரண்டு வாக்கியம், வரிசையை மட்டும் மாற்றி. அவ்வளவோடு விட்டேன். அந்த மாதச் சீட்டில் இருவருக்கும் சேர்ந்து எந்த வேலையும் வரவில்லை. வந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதம் தண்ணீர் டிரம் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அது நகரும். முதல் நாள் பாதித் தண்ணீர் படியிலேயே போயிற்று. ஒருவன் வேகமாகப் போகிறான், மற்றவன் நின்றுவிடுகிறான். பிறகு ஒரு நாள் "ஏ, மெதுவா", "நீ கீழ பாத்து வா" என்று சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கபடியில் ஒரே பக்கம் நிற்பார்கள். பள்ளி விட்டதும் அவரவர் வழி. சில மாதம் கழித்து அப்பா விடுதலையாகி வந்தார், படகு வரவில்லை. அவர் வந்த மறுநாள் பையன் வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான். முகாம் பையனுக்கும் கொடுத்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு அது போதும். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாடகத்தில்தான் எதிர்பார்க்க வேண்டும். ஒரு அறையில் இருக்கிற எல்லோருக்கும் மிட்டாய் என்றால் அந்த எண்ணிக்கையில் நீயும் உண்டு என்பது சின்ன விஷயமில்லை.

பட்டப்பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. பையன்கள் இருக்கும் இடத்தில் பட்டப்பெயர் இல்லாமல் இருக்காது. எல்லாவற்றையும் தடை செய்யப் போனால் நாம்தான் கோமாளி ஆவோம். நான் ஒன்றை மட்டும் பார்ப்பேன். அந்தப் பெயரை அவன் தானே சொல்லிக்கொள்கிறானா? "கப்பல் வந்துட்டேன் டீச்சர்" என்று வாசலில் நின்று சொல்கிற பையன் இருக்கிறான், அவனுக்கு அது பெருமை. 'அகதி' என்பதை எந்தப் பையனும் தானாகச் சொல்லிக்கொண்டதில்லை. சாதிப் பெயரும் உறுப்புக் குறையும் அப்படித்தான். அவற்றுக்கு என் வகுப்பில் இடமில்லை, அதில் பேச்சுவார்த்தையும் கிடையாது.

ஐந்தாம் வகுப்பு முடிந்தால் எங்கள் கையை விட்டுப் போய்விடுவார்கள். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளி. அங்கே நாலைந்து ஊர்ப் பையன்கள், உயரமான அண்ணன்கள், கயிறுகள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறக்கும் நேரமும் படகு இறங்கும் நேரமும் ஒட்டியே வரும். அந்த ஜூன் மாதத்தில்தான் அதிகம் பேரை இழக்கிறோம். டிசியோடு மதிப்பெண் போகிறது, வேறெதுவும் போவதில்லை. அதனால் போகிற ஒவ்வொரு பையனுக்கும் ஒரு தாள் எழுதி அங்கே ஆறாம் வகுப்பு சாரிடம் கொடுக்கிறேன். படிப்பு பற்றி இல்லை. இவனை எப்படிக் கூப்பிட்டால் திரும்புவான், யாரோடு உட்கார வைத்தால் நிற்பான், இரண்டு நாள் வராவிட்டால் எங்கே ஆள் அனுப்ப வேண்டும், எந்த வேலையைக் கொடுத்தால் ஓடி ஓடிச் செய்வான்.

போன வருஷம் கொண்டு போனபோது அவர் தாள் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வகுப்புல அம்பத்தஞ்சு பேரு டீச்சர். இத்தனையும் நான் எப்பப் படிக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். "எல்லாம் வேணாம் சார், மணி அடிக்க யார விடலாம்னு மட்டும் பாருங்க" என்றேன். அங்கே மணி எலெக்ட்ரிக் பெல்லாம், ஆபீசில் இருந்தே அழுத்திவிடுவார்களாம். சரி, தண்ணீர் டிரம்மாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஆர்ஓ மெஷின் வைத்துவிட்டார்களாம். கடைசியில் விளையாட்டு சாமான் அறைச் சாவி என்று முடிவாயிற்று. இரண்டு பையன்களின் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த ஜூனில் போய் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.